மின்பட்டறைக்குச் சொன்ன காரணம்

2009 மே 14, வியாழன்

மழை. டென்மார்க்கில், அதுவும் கிரின்ஸ்டெட்டில் வேறென்ன.

பள்ளிக்கூட ஆலோசகர் கிர்ஸ்டன் கூப்பிட்டார். மின்வேலைப் படிப்பில் பட்டறைப் பயிற்சிக்கு இடம் கிடைக்காதவர்களில் நானும் ஒருத்தி. ஆளைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பட்டறையில் நேர்முகம் வாங்கித் தந்திருக்கிறார். திங்கள் காலை. இதுவும் போனால் படிப்பு நிற்கும். பிறகென்ன, அப்பாவோடு தொழிற்சாலைக்குத்தான்.

அம்மாவிடம் சொன்னேன். தலை நிமிரவில்லை. கையில் தொலைபேசி. வன்னியிலிருந்து கோபி மாமா கதைத்து மாதக்கணக்காயிற்று. அம்மாவின் ஒரே தம்பி.

(டேனிஷில் எழுதினால் என் தம்பி வாசித்துவிடுவான். அதனால்தான் தமிழ்.)

மே 16, சனி

கறுப்புக் காற்சட்டை தோய்த்தாயிற்று. சப்பாத்து துடைக்க வேண்டும். அந்தப் பக்கம் பஸ் இல்லை, அப்பா காரில் விடுவார்.

இரவு பகலாகத் தொலைக்காட்சியில் வன்னிச் சண்டை. மாமா செத்துவிட்டாரா என்று தம்பி டேனிஷில் கேட்டான். அம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கும்.

"அந்தச் சொல்லு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

பிறகு ஒருவரும் சாப்பிடவில்லை.

மே 18, திங்கள்

எல்லாம் முடிந்தது என்கிறார்கள். அம்மா குசினித் தரையில். கையில் கார்த் திறப்போடு வாசலில் நின்ற அப்பா சொன்னார்.

"துடக்கோ இல்லையோ எண்டும் தெரியேல்லை. இண்டைக்கு ஒண்டும் தொடங்காதை, பிள்ளை."

மாமா இல்லையென்றால் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கு வீட்டிலிருந்து புதுக்காரியத்துக்குப் போகக்கூடாது. ஆனால் இருக்கிறாரா என்று யாரைக் கேட்பது?

பட்டறைக்கு அழைத்தேன். எங்கள் நாட்டில் பிரச்சினை, அம்மாவுக்கு ஏலாது என்றேன். முதலாளிக்கு எரிச்சல். இதெல்லாம் ஒரு காரணமா, இன்னொருவன் வந்து காத்திருக்கிறான் என்றார். மாமா இறந்துவிட்டார் என்றேன். வாய் தவறி அல்ல, வேண்டுமென்றே. உடனே குரல் இளகியது. செத்தவீடு எப்போது என்று கேட்டார். தெரியாது என்றேன். அது மட்டும் உண்மை.

மே 20, புதன்

வெயில். கிர்ஸ்டன் வீட்டுக்கே வந்தார், வெள்ளைப் பூங்கொத்தோடு. இடம் மற்றவனுக்குப் போய்விட்டதாம். பட்டறைக்காரர் எல்லாம் சொன்னாராம். ஓகஸ்டில் மறுபடி பார்க்கலாமாம். இனிப் பார்க்க என்ன கிடக்கிறது.

பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, உங்கள் தம்பி இறந்ததற்கு வருந்துகிறேன் என்றார். டேனிஷில்தான்.

அம்மா அழவில்லை. கிர்ஸ்டன் போகும்வரை பூவை ஏந்தியபடி நின்றார். கதவைச் சாத்தியதும் என்னிடம் வந்தார். நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"உனக்கு ஆர் சொன்னது, பிள்ளை? ஆரும் கண்டவையோ?"