முடிச்சில் கை வைத்தது யார்

ஜூன் 3
புதுக் கயிறு வந்தது. நைலான். வெளிச்சுவருக்கு பெயிண்ட் அடிக்க நாளை முதல் இதில்தான் தொங்க வேண்டும். மொட்டைமாடியில் எனக்கு ஜோடியாக மேஸ்திரி யாரைப் போட்டிருக்கிறார்? தங்கை புருஷனை! கல்யாணமானதிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 4
தூணில் கட்டி, முடிச்சுக்கு வெளியே கயிற்று நுனியை வழக்கம்போல் நாலு விரல் வாலாக விட்டேன். டீ குடித்துவிட்டு வந்தால் வால் ஒரு முழம். முடிச்சும் என்னுடையது இல்லை. தொங்குகிறவன் முடிச்சில் அடுத்தவன் கை படக்கூடாது, அதுதான் இங்கே சட்டம். அவனோ ஒன்றும் தெரியாத பூனை மாதிரி பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தான். அவிழ்த்து என் கைப்படக் கட்டினேன்.

ஜூன் 5
நாலு விரல் வால் சாயங்காலம் இரண்டு விரல்! நான் கீழே தொங்கும்போது மேலே இருந்தது யார்? நேற்று நீட்டினான், இன்று குறைக்கிறான்... என் உசுரோடவாடா விளையாடுறே?

ஜூன் 6
தங்கை போன் செய்தாள். "அவர் கெடுதல் ஒண்ணும் பண்ணலண்ணே. கயிறு விஷயத்துல அவர் சொல்றதைக் கொஞ்சம் கேளு."
நான் கேட்கவே இல்லையே? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். வைத்துவிட்டேன்.

ஜூன் 7
மேஸ்திரியிடம் சொன்னால் அவன் வேலை போகும். போகட்டுமே. தங்கச்சி சாப்பாட்டுக்கு?

ஜூன் 8
அவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. நிம்மதியாகக் கட்டினேன். மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மத்தியானம் வந்து பார்த்தால் வால் நகக்கண் அளவுதான் மிச்சம். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் முடிச்சே உருவியிருக்கும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.
பூட்டிய கதவுக்குள் இழுத்தது யார்? என் எடைதான்.
மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "நைலான் வழுக்கும்ப்பா. பழைய கயிறு மாதிரி கடிச்சுப் பிடிக்காது. ஒரு முழம் வால் விட்டு, நல்லா இறுக்கி, அந்த வால்ல இன்னொரு முடிச்சு போடணும். உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பினேனே, சொல்லலியா?"
சொல்ல நான் எங்கே விட்டேன்?

ஜூன் 10
வந்துவிட்டான். ஒரு முழம் வால் விட்டுக் கட்டினேன். இழுத்து இறுக்கினேன். வாலில் இன்னொரு முடிச்சு. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தூணை விட்டு விலகி வழி விட்டேன்.
"சரியா இருக்கா பாருங்க, மாப்பிள்ளை."
அவர் வந்து குனிந்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.
"இப்ப இறங்குங்க, மச்சான்."
சாயங்காலம் வாலை அளந்து பார்க்கவே மறந்துபோனேன்.