நாற்பத்தெட்டு நாள் பச்சைக்காய்

காவாந்தண்டலம்,
22-3-1959

அன்புள்ள கணவர் தானியேல் அவர்களுக்கு அம்முலு எழுதுவது.

கர்த்தர் கிருபையில் நானும் ஆடும் உயிரோடு இருக்கிறோம். ஆடு என்னைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறதென்று இரண்டு கடிதமாகக் கேட்கிறேன், பதிலே இல்லை. சுரங்கத்தில் இறங்கும்போது மார்புக்குத் துணி சுற்றிக்கொண்டு இறங்கவும்.

இன்று குருத்தோலை ஞாயிறு. ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கோவில் கூரைக்குப் புதுக் கீற்று போட வேண்டும் என்று போதகர் இந்த வருடமும் சொன்னார்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கோலாரில் சுரங்கக் கம்பெனி லைன் வீடு ஒன்று காலியாகிறது, குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள், மே மாதம் பத்தாம் தேதிக்குள் மேஸ்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும், நீ வருகிறாயா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமாகி நாலு வருடத்தில் நாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது எட்டு மாதம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் வருகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. அந்த ஊர் தெரியாது, பாஷை தெரியாது. இந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் ஐப்பசி மழைக்குச் சுவர் நிற்காது. இன்னொன்றும் உண்டு. எனக்கு இங்கே ஒரு புது வேலை வந்திருக்கிறது. சொல்கிறேன், சிரிக்காமல் படிக்கவும்.

நம்மை நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிடுகிற பெரிய வீட்டு ராஜாராம் ஆண்டை தை மாதத்திலிருந்து படுக்கை. நீங்கள் பார்த்த உடம்பு இல்லை, அதற்கு மேலும் ஊதிவிட்டார். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. என்னென்னவோ மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வேதகிரி என்று ஒரு இயற்கை வைத்தியரை வரவழைத்தார்கள். கதர் வேட்டி, கதர் துண்டு, கையில் ஒரு பை, பைக்குள் வெள்ளரிக்காய். அப்படித்தான் உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நாற்பத்தெட்டு நாளைக்குத் தீயில் பட்ட எதுவும் வாயில் படக்கூடாது, உப்பு கூடாது, பால் மோர் கூடாது, காயும் பழமும் கீரையும் தேங்காயும் பச்சையாகவே தின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆண்டை அழாத குறை. "மாடு திங்கறத மனுசன் திங்கறதா?" என்று கேட்டாராம்.

முதலில் வீட்டிலேயேதான் ஆரம்பித்தார். மூன்றாம் நாளே சமையல்கார ஜெயம்மாள் வாழையிலைக்கு அடியில் நாலு வடையை ஒளித்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டாள். வேதகிரிக்கு வந்ததே கோபம். சமையல் வாசனை வருகிற இடத்திலேயே நோயாளி இருக்கக் கூடாது என்று படுக்கையைத் தோட்டத்துப் பம்புசெட் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். எடுத்துக் கொடுக்கிற ஆளும் சமையற்கட்டுக்குள் காலே வைக்காத ஆளாக இருக்க வேண்டும் என்றாராம். அப்படிப்பட்ட ஆளுக்கு இந்த ஊரில் பஞ்சமா? கத்தரிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஆண்டையின் தம்பி தாமோதரன்தான் தீர்ப்புச் சொன்னவர். "கொடியிலிருந்து நேரா வர்றதுக்குத் தீட்டு கெடையாது. தண்ணி பட்டா, தீ பட்டாதான் தீட்டு. கழுவாத, தொடச்சிக் குடு" என்றார். ஆகவே நான் பறிக்கிறேன், புதுத் துணியில் துடைக்கிறேன், புதுக் கத்தியில் அரிந்து கொடுக்கிறேன். இளநீர் சீவிக் கொடுக்கலாம், அது தண்ணீரில் சேர்த்தி இல்லையாம். பச்சைப்பயறு முளைகட்டுவது மட்டும் ஆண்டையின் மனைவி கனகா அம்மாள் பொறுப்பு, அதில் தண்ணீர் இருக்கிறது. சட்டம் இவ்வளவும் மறக்காமல் இருக்க வேண்டுமே என்று எனக்குப் பெரிய பேஜாராக இருக்கிறது.

புடலங்காயைப் பச்சையாகக் கடித்த அன்று ஆண்டையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தரம் பண்ணையாள் முனியன் பழையசீவரத்துக்குப் போய் ஆற்று மணலில் விளைகிற வெள்ளரியும் கிர்ணிப் பழமும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறான். வேலையில்லாத மாதத்தில் நாம் வெள்ளரிப் பிஞ்சும் புளியங்கொழுந்தும் தின்று பொழுதைக் கழித்தோமே, அதற்கு இயற்கை வைத்தியம் என்று பெயர் இருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும். தெரிந்திருந்தால் கொஞ்சம் பெருமையோடு தின்றிருக்கலாம்.

நான் அவர் கையில் கொடுக்கிறேன். முறத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பதில்லை, கையில் கொடுக்கிறேன். எழுத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

லைன் வீட்டு விஷயம், கொஞ்சம் பொறுங்கள், யோசித்து எழுதுகிறேன். அடுத்த வீட்டு மங்கம்மா என்கிற தெலுங்குக்காரி வாரத்தில் இரண்டு நாள் ரசமும் துவையலும் கொடுத்தனுப்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எப்படிப்பட்டவள், வயது என்ன என்று எழுதவில்லை. வயதை மட்டுமாவது எழுதவும்.

உங்களுக்காக ஜெபிக்கிற
அம்முலு

*

காவாந்தண்டலம்,
17-4-1959

அன்புள்ள கணவருக்கு அம்முலு எழுதுவது.

பண்டிகை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் கடிதமும் சேலையும் வந்தன. சேலை நல்ல பச்சை, இப்போது எனக்கு எல்லாமே பச்சைதான். மங்கம்மாவுக்கு ஐம்பது வயது, பேரன் இருக்கிறான் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். ரசத்தை நன்றாகச் சாப்பிடவும்.

இங்கே இன்றைக்கு நாற்பதாவது நாள். ஆண்டை பாதியாக இளைத்துவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. காலையில் வரப்பைச் சுற்றி ஒரு நடை, சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் ஒரு நடை. வேதகிரி வந்து பார்த்துவிட்டு எல்லாம் பச்சைக்காயின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நாள் ஜெயம்மாளின் நெய்யதிரசத்திலிருந்து தப்பித்த மகிமையும் கொஞ்சம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

பசியிலே ஆள் மாறிப்போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நம் பக்கம் திரும்பிப் பேசமாட்டாரே, இப்போது பேச ஆள் வேண்டும். உங்களைப் பற்றிக் கேட்டார். தங்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், ரொம்ப ஆழம் ஆண்டே என்று சொன்னேன். போன வாரம் ஒரு வெள்ளரியை அரிந்து கொடுத்தேன். பாதியைத் தின்றவர் மீதியை என் பக்கம் நீட்டி, "நீயும் தின்னேன், நான் மட்டும் மென்னுகினு இருந்தா பைத்தியம் மாரி கீது" என்றார். வாங்கித் தின்றேன். ஒரே காய், அவர் பாதி, நான் பாதி. கனகா அம்மாள் பயறு கொண்டுவந்தவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், தடுக்கவில்லை. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் கேலி செய்வீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

தோட்டத்தை ஒட்டின மேட்டில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். தோட்டம் முழுக்க என் பொறுப்பாம். இன்னொன்றும் சொன்னார். "நாப்பத்தெட்டு முடியட்டும், மொத வாய் கஞ்சி உன் கையாலதான் அம்முலு" என்றார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார்.

அதனால் நன்றாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். லைன் வீடு வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் புழுதியில் இருமிக்கொண்டு எத்தனை வருடம் இருப்பீர்கள்? நீங்கள் இங்கே வாருங்கள். மேட்டில் வீடு கட்டலாம். இந்த ஊரில் நமக்கும் கொஞ்சம் இடம் வந்துவிட்டது.

உங்கள்
அம்முலு

*

காவாந்தண்டலம்,
28-4-1959

அன்புள்ள கணவர் தானியேல் அவர்களுக்கு.

இதைக் கண்டவுடன் முதல் வேலையாக ஒன்று செய்யவும். லைன் வீடு வேண்டாம் என்று மேஸ்திரியிடம் இன்னும் சொல்லவில்லையென்றால் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டிருந்தால் இன்றைக்கே போய், என் பெண்டாட்டி வருகிறாள், வீடு வேண்டும் என்று கேளுங்கள். முன்னே ஏன் வேண்டாமென்றாய் என்று கேட்டால், அவள் புத்தி கெட்டு எழுதிவிட்டாள் என்று சொல்லுங்கள். எனக்கு வருத்தமில்லை. பத்தாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

காரணத்தை எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமையோடு நாற்பத்தெட்டு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்டை கஞ்சி குடித்துப் பத்தியம் முடிக்கிற நாள். அறுப்பில் பொறுக்கிச் சேர்த்த உதிர்நெல் கொஞ்சம் வைத்திருந்தேன். அதைக் குத்தி, புடைத்து, நொய்யாக்கி, புதுப் பானை வாங்கி, கோழி கூவும்போதே எழுந்து குளித்துவிட்டுக் கஞ்சி காய்ச்சினேன். முதல் நாளைக்கு நீர்க்க இருக்க வேண்டும், உப்பு கூடாது என்று வேதகிரி சொன்னது ஞாபகம் இருந்தது. அப்படியே செய்தேன். நீங்கள் அனுப்பின சேலையைக் கட்டிக்கொண்டு, பானை வாயை வாழையிலையால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஆராதனைக்குக்கூடப் போகவில்லை.

கொட்டகை முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். இத்தனை நாள் நான் நின்ற இடத்திலேயே போய் நின்று, "ஆண்டே, கஞ்சி கொண்டாந்துகீறேன்" என்று சொன்னேன்.

தாமோதரன்தான் முதலில் சிரித்தார். கனகா அம்மாள் கையில் வெள்ளி டம்ளரில் அவள் வீட்டில் காய்ச்சின கஞ்சி இருந்தது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டை என் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "பழம் வேற, கஞ்சி வேற அம்முலு. உனுக்குத் தெரியாததா? ஒரு பேச்சுக்குச் சொன்னதப் புடிச்சிக்கினு வந்துட்டியே. கழனித்தொட்டியில ஊத்திடு, மாடாவது குடிக்கட்டும்."

ஊற்றினேன். மாடு குடித்தது. கன்று போட்டுப் பத்து நாளான செவலை மாடு. அடிவரைக்கும் நக்கிக் குடித்தது. கஞ்சி நன்றாகத்தான் வந்திருந்தது.

அப்புறம் தோட்டத்துப் பக்கம் இலை போட்டு, ஜெயம்மாள் நின்றபடியே மேலிருந்து சோறும் குழம்பும் போட்டாள். பசியில்லை என்று சொன்னேன். "அடி பைத்தியமே, அவங்க சொன்னா அதுக்குன்னு ஒலை வெச்சிக்கினு வந்துடுவியா?" என்று என் காதில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. வடை கொண்டுபோய் மாட்டிக்கொண்டவள், நல்லவள்தான்.

ஆண்டை கெட்டவர் என்று நான் எழுதுகிறதாக நினைக்க வேண்டாம். சொன்னதில் எதையும் மாற்றவில்லை. மேட்டில் குடிசை போட்டுக்கொள்ளலாமாம். தோட்டம் என் பொறுப்புதானாம். மத்தியானம் சோறு, காலையில் மட்டும் பச்சைக்காய் என்று வைத்துக்கொள்ளப் போகிறாராம், அதையும் நானே கொடுக்க வேண்டும் என்று முனியனிடம் சொல்லியனுப்பினார். நேற்றுப் போனேன். வெள்ளரி அரிந்து கையில் கொடுத்தேன். எப்போதும்போலப் பாதியை நீட்டினார். பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

அழவில்லை. நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து காலிப் பானையைக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கையில் கொடுக்கிறேன், கையில் கொடுக்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆட்டை என் அக்கா சிட்டம்மாளிடம் விட்டுவிடுகிறேன். சுவர் விழுந்தால் விழட்டும். புதுப் பானை நல்ல பானை, உடையாமல் வைக்கோல் சுற்றிக் கொண்டுவருகிறேன். லைன் வீடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அடுப்பு போட ஒரு மூலை இருந்தால் போதும்.

இன்னும் ஒன்று. மங்கம்மா உங்களுக்கு ரசம் கொடுக்கிறாள், சரி. கொடுப்பது எல்லாருக்கும் முடியும். நான் அங்கே வந்து குழம்பு வைத்து ஒரு கிண்ணத்தில் அவளுக்குக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவாளா? நீங்களாக எதையும் சொல்ல வேண்டாம், என் மனம் நோகக்கூடாதே என்று ஒரு பேச்சுக்கும் எழுத வேண்டாம். அவளையே கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கர்த்தர் உங்கள் நெஞ்சைக் காக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கிற
அம்முலு