ஈரம் போதாத ஸ்பீக்கர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று அவர் பேசினார். நான் கேட்காமலே, முழு வாக்கியங்களாக.

பாலம் வடிவமைக்கும் கம்பெனி முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பியதிலிருந்து என் கணவரின் அகராதி ‘ம்’, ‘சரி’, ‘வெச்சிடு’ என்று சுருங்கிப்போயிருந்தது. அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை. சொல்ல விருப்பமிருந்தால் சொல்வார் என்று இருந்துவிட்டேன்.

இன்று நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “ஹால்ல சினிமாவும் பாக்கணும், பாட்டும் கேக்கணும். ரெண்டுக்கும் ஒரே செட். முடியுமா, முடியாதா?” என்றார்.

“முடியாதுன்னு நெனைக்கிறேன்.”

“அங்கதான் நீ தப்பு பண்ற” என்று ஆரம்பித்தார். சினிமாவுக்குச் சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர் வேண்டுமாம், பாட்டுக்கு முன்னால் இரண்டு நல்லதாக இருந்தால் போதுமாம், இந்த இரண்டு கட்சியையும் ஒரே பெட்டியில் கூட்டணி சேர்ப்பதுதான் வித்தையாம். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன். இறக்கினால் நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

கடைக்குப் போனோம். கடைக்காரர் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவது கல்யாணத் தரகர் பேசுவதுபோல் இருக்கிறது.

“இந்த ஜோடி ரொம்ப அடக்கம், மேடம். பாட்டுக்குத் தங்கம். சண்டைக் காட்சி வந்தா மட்டும் கொஞ்சம் பயந்துக்கும்.”

“அப்ப அது?” என்றார் இவர், ஆளுயரத்துக்கு நின்ற கறுப்பு ஜோடியைக் காட்டி.

“அது சினிமாவுக்குன்னே பொறந்தது சார். ஆனா புல்லாங்குழலைப் போட்டீங்கன்னா கப்பல் சங்கு மாதிரி ஊதும்.”

“இதையெல்லாம் அளந்து பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இது அளக்கறதில்ல மேடம். அனுபவிக்கறது.”

எனக்கு இரண்டு ஜோடிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காரில் திரும்பும்போது வழி நெடுகப் பேச்சு. பேச்சு சுவாரசியத்தில் எங்கள் தெருவையே தாண்டிப் போய்விட்டோம். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, மூன்று தம்ளர் – இவை ஸ்பீக்கர்கள். நடுவில் நான். எலுமிச்சம்பழமாக.

ஜூன் 14, சனி

முடிவாகிவிட்டது. நாளை போய் வாங்கப்போகிறோம். “எல்லாம் தீந்துது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

“இன்னும் கொஞ்சம் போடவா?”

“ம்.”

“மோர்?”

“வெச்சிடு.”

அப்படியானால் இவ்வளவுதானா? தேடுகிற வரைக்கும்தான் பேச்சா? பெட்டி வீட்டுக்குள் வந்ததும் இவர் மறுபடி வாயைப் பூட்டிக்கொள்வாரா?

ஜூன் 15, ஞாயிறு

நான் செய்ததை நானே நம்ப முடியாமல் எழுதுகிறேன்.

கடையில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியாகிவிட்டது. இவர் பர்ஸை எடுக்கிறார். நான் வாயைத் திறந்தேன். “கொஞ்சம் இருங்க. இதுல… ஈரம் போதல.”

ஈரமாவது ஒன்றாவது. நாள் முழுக்க மண் அறிக்கையில் ஈரப்பதம், ஈரப்பதம் என்று எழுதுகிறவளுக்கு அவசரத்தில் வேறு எந்தச் சொல் வரும்?

இவர் திரும்பினார். “ஈரமா?”

“ஆமா. குரல் வர்றப்ப காஞ்சு வருது. உங்களுக்குத் தெரியலையா?”

கடைக்காரர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடினார். காட்சிக்கு வைத்திருந்த செட்டில் அதே பாட்டை மறுபடி போட்டார். தலையை மெல்ல ஆட்டினார். “மேடம் சொல்றது சரி சார். நானும் கவனிச்சிருக்கேன். வாங்கறவங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்றதில்ல.”

டேப்பைக் கிழித்தார்கள். வீடு வரும்வரை இவர் ஈரத்தைப் பற்றியே பேசினார். வேதியியலில் முதுகலை வாங்கியவள் நான்.

ஜூன் 21, சனி

கேட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று ஒரு ஜோடியை வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நான் வெங்காயம் நறுக்கினாலும் தலை துவட்டினாலும் ஹாலிலிருந்து குரல் வருகிறது: “இப்ப ஈரம் எப்படி?”

பொய் சொன்னாலும் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லக்கூடாதே. “காலையில பரவால்ல. இப்ப கொஞ்சம் எறங்கிடுச்சு” என்று மழைமானிபோல் சொல்லி வருகிறேன்.

மாலையில், “ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஈரத்துண்டு ஒண்ணைத் தொங்கவிட்டிருக்கேன். அங்கிருந்தே கேட்டுச் சொல்லு” என்றார்.

அடுப்படியிலிருந்து காதைத் தீட்டினேன். “ஆமா, கூடியிருக்கு.”

கவலை என்னவென்றால், எனக்கு உண்மையாகவே கூடினதுபோல் இருந்தது.

ஜூன் 25, புதன்

விடுதியிலிருந்து மகள் அழைத்தாள். “அம்மா, அப்பா இன்னிக்கு என்கூட அவ்ளோ நேரம் பேசினார். ஈரம்னா என்னம்மா?”

“அப்பாவையே கேக்கவேண்டியதுதானே.”

“கேட்டேனே. ‘அது உங்கம்மாவுக்குத்தான் கேக்கும், எனக்குக் காது இன்னும் பழகல’ங்கறார்.” குரலைத் தாழ்த்தினாள். “நீ கதை விடறியா?”

“விட்டா என்ன? பேசறார் இல்ல.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “சரி, விடு. நல்லா விடும்மா.”

ஜூன் 29, ஞாயிறு

தலைக்கு மேலே போய்விட்டது. கடையில் வேறொரு தம்பதி. கடைக்காரர் அவர்களிடம், “இதுல அதிர்வு இருக்கு, தெளிவு இருக்கு, எல்லாம் இருக்கு. ஈரம்? அதுக்கு நீங்க அடுத்த மாடலுக்குத்தான் போகணும்” என்கிறார்.

அந்த மனைவி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஆமாங்க, இது வறவறன்னுதான் இருக்கு” என்றாள். மனதாரச் சொன்னாள்.

நான் அட்டைப்பெட்டிக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இவர் முழங்கையால் இடித்தார். “நீ கண்டுபிடிச்சது.”

ஜூலை 5, சனி

கடையில் எங்களிடம் காட்ட இனி மாடல் இல்லை. ஒரு செட் வாங்கியாகிவிட்டது. முன்னால் பாட்டுக்கு இரண்டு, மற்றது சினிமாவுக்கு. வயரை எல்லாம் அவரே இழுத்து, என்னைச் சோபாவின் நடுவில் உட்காரவைத்து, ஒரு பெண் குரலைப் போட்டார்.

“சொல்லு.”

நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றால் இன்றோடு முடிந்தது. “வந்து… இன்னும் ஒரு சொட்டு…” என்று இழுத்தேன்.

பாட்டை நிறுத்தினார். “போதும். ஈரம்னு ஒண்ணு கெடையாதுன்னு எனக்குத் தெரியும்.”

எனக்குக் காது சுட்டது. “எப்பலேர்ந்து?”

“அன்னிக்குத் தொங்கவிட்டேனே, அது காஞ்ச துண்டு.”

சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளை வீட்டில் வைத்துச் சோதித்திருக்கிறார். அதில் நான் தேறவுமில்லை. “தெரிஞ்சும் ஏன் கடைக்கு அலைஞ்சீங்க?”

ரிமோட்டை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டிருந்தார். “நீ பேசிட்டிருந்தியே. நான் வேலையை விட்டு வந்ததுலேர்ந்து நீயுந்தான் பேசல. தட்டை வெச்சுட்டுப் போயிடுவ. கோவம்னு நெனச்சேன்.”

நானா? எனக்கென்ன கோபம்? நான் எப்போதும் அப்படித்தானே… அப்படித்தானா?

“கோவமில்ல. என்ன கேக்கறதுன்னு தெரியல” என்றேன். “இப்ப கேக்கறேன். அங்க என்னதான் நடந்துது?”

சொன்னார். இங்கே எழுதமாட்டேன். ஒன்று மட்டும்: “லிஃப்ட் வரைக்கும்கூட ஒருத்தனும் கூட வரல.”

காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. இருவரும் அதையே குடித்தோம்.

ஜூலை 20, ஞாயிறு

இதைத் திறந்து நாளாகிவிட்டது. எழுத வேண்டியதை எல்லாம் அதற்குள் அவரிடமே சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

செட் குற்றம் சொல்ல முடியாதபடி இருக்கிறது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்தபாடில்லை. யாராவது ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு ஏதாவது சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். பெரும்பாலும் நான்தான் என்கிறார்.

அதோ, கூப்பிடுகிறார். “எங்க போயிட்ட? அந்த டைரக்டர் கதையைப் பாதியில விட்டுட்டியே. அப்புறம் அந்தப் பொட்டலத்தை என்ன பண்ணாரு?”

எங்கள் பரிசோதனைக் கூடத்து இயக்குநர், மண் மாதிரிப் பொட்டலம் என்று நினைத்துத் தன் காப்பிப் பொடியைச் சோதனைக்கு அனுப்பிவிட்ட கதை. ‘களிமண், சத்து குறைவு’ என்று அறிக்கை வந்த இடத்தை இன்னும் சொல்லவில்லை. போகிறேன்.