மழை குஸ்தி போடுமா, மச்சான்?

என் தங்கை பிலோமினாவைக் கட்டிக்கொண்டு, காலமெல்லாம் என் மானத்தை வாங்கிய அருமை மச்சானுக்கு,

நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. சாரம் பகுதியில் நீ இங்கிலீஷ் டியூஷன் நடத்திய மாடி பூட்டிக் கிடக்கிறது. அழுவேன் என்று எதிர்பார்த்தாயா? முதலில் கோபம் தீரட்டும், அழுவதைப் பிறகு பார்க்கலாம்.

உன் மகள் செலின் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று வைத்த புதுநன்மை விருந்து ஞாபகம் இருக்கிறதா? முதலியார்பேட்டையே திரண்டிருந்தது. பிரான்சிலிருந்து வந்த சொந்தங்கள் மட்டும் இருநூறு பேர். பன்னிரண்டு என்பாள் பிலோமினா, அவளுக்கு எண்ணத் தெரியாது. வெளியே பேய்மழை. நான் மைக்கைப் பிடித்து, "இட் இஸ் ரெயினிங் ஸ்ட்ராங்லி" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். நீ பந்தியிலிருந்து எழுந்து கத்தினாய்:

"மச்சான், மழ என்னா குஸ்தியா போடுது? ஹெவிலின்னு சொல்லுய்யா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரான்ஸ்காரர்களும்தான்.

அதோடு விட்டாயா? அதை நோட்டில் எழுதி, வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக்கினாய். "தமிழ்ல அயர்ந்து தூங்குறோம், விழுந்து விழுந்து சிரிக்கிறோம். மாத்திச் சொல்லுவியா? இங்கிலீஷ்லயும் அப்டித்தான். தூங்குறதுக்கு சவுண்ட்லி, மழைக்கு ஹெவிலி. ஜோடிய மாத்துனா என் மச்சான் மாதிரி ஆயிடுவ!" இன்றைக்கும் நாலு தூறல் விழுந்தால் சாரத்தில் எவனாவது "மாமா, ஸ்ட்ராங்லி!" என்று கூவுகிறான்.

அதனால்தான் உன் அடக்கத்தன்று அந்த நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். ஆமாம், நான்தான். பிலோமினா பீரோவைக் கலைத்துப்போட்டு, "அண்ணே, அவரு நோட்ட பாத்தியா?" என்று கேட்டபோது, "நான் எதுக்குப் பாக்கப்போறேன்?" என்றேன்.

உன் மகள் சேதராப்பட்டு கம்பெனி வேலையை விட்டுவிட்டாள், தெரியுமா? திங்கட்கிழமை டியூஷனைத் திறக்கப் போகிறாள். அன்றைக்கும் திறக்காவிட்டால் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்துவிடுவோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நேற்று என்னிடம் வந்தாள்.

"மாமா, நோட்டு கெடைக்கல. நீங்க வந்து அரை மணி நேரம் இங்கிலீஷ் பேசுங்க, போதும். நோட்டே தேவப்படாது."

என்ன திமிர் பார்! அப்படியே நீ.

என் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்றுதான் அவள் போனதும் நோட்டைத் திறந்தேன். பாவி, ஒரு பக்கமா? புரட்டின இடமெல்லாம் நான். கிழித்தால் அட்டைதான் மிஞ்சும். நான் எழுதின ஒரு கடிதத்தைப் படித்து வெள்ளைக்கார முதலாளி ஒருவர் கண்கலங்கினாரே, அதிலும் ஏழு தப்பு கண்டுபிடித்து வைத்திருக்கிறாய். உன் டியூஷன் யாரால் நடந்தது என்று இப்போது ஊருக்குப் புரியட்டும்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. ஆஸ்பத்திரியில் எழுதியது. நான் உன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "சேவ் ஹிம் ஸ்ட்ராங்லி, டாக்டர்." நீ தூங்குகிறாய் என்றல்லவா நினைத்தேன்?

எல்லா வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தம் போட்டிருக்கிறாய். இதற்கு மட்டும் இல்லை. ஏன் மச்சான்? கை ஓய்ந்துவிட்டதா? சிவப்புப் பேனா எட்டவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நோட்டைச் செலின் கையில் கொடுப்பேன். ஒரு தாளும் குறையாது. திங்கட்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மழை ஸ்ட்ராங்லிதான் பெய்கிறது என்று சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கட்டும், செலின் திருத்தட்டும். அந்தக் கடைசி வரியில் மட்டும் அவளையும் கை வைக்க விடமாட்டேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் மகளின் தாய்மாமன்,
சவரிநாதன்