ரொட்டி என்று சொல்லாத பிள்ளை

என் தங்கமே லெட்சுமி,

நீ போய் எட்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் மேல் பாதி, நான் ஆயா வேலை பார்க்கும் இந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் பாதி. என் மேலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் உன் மகள் சுமதியைப் பாலர் வகுப்பில் சேர்க்க நீயும் உன் வீட்டுக்காரர் முருகையாவும் ஆசைப்பட்டபோது, சொல்லிக்கொடுக்க வந்தவள் நான்தானே? இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து நாகலூர் எஸ்டேட்டில் காப்பி பறிக்கிற குடும்பம் என்று பேச்சில் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். தேத்தண்ணி இல்லை, டீ. பாண் இல்லை, ரொட்டி. ஒரு மாதம் பிள்ளையை இப்படியே உருப்போட வைத்தேன்.

சேர்க்கப் போன அன்றைக்கு டீச்சர் காட்டிய படத்தில் இருந்தது அந்தப் பாண்தான், கடையில் துண்டு போட்டு விற்கிற பிரெட். "இது என்ன?" என்றார். சுமதி வாயைத் திறக்கவில்லை. பாண் என்று சொல்லக் கூடாது. ரொட்டி என்றாலோ, நீ தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிக் கல்லில் சுடுவாயே, அதுதான் அவளுக்கு ரொட்டி. படத்தில் இருந்தது அதுவல்ல. நாலு வயசுப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். டீச்சரோ, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்.

"வீட்டுல நல்லா கதைப்பா டீச்சர்" என்று நீ பதறினாய். அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இவங்க என்ன பாஷை?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன்? கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீ அதைப் பார்த்தாயா?

இந்த ஜூனில் முருகையா வர மறுத்துவிட்டார். "திரும்பவும் அவமானப்பட ஏலாதுக்கா" என்றார். நானே சுமதியைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வாய்க்கு வந்ததைச் சொல்லு சாமி என்று மட்டும் சொன்னேன். அதே டீச்சர், அதே படம். "பாண்" என்றாள், கணீரென்று. டீச்சர் சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைக்கு அது என்னன்னு தெரியுதுங்க. அந்தப் பேரு உங்களுக்குத்தான் தெரியலைங்க" என்றேன். "போன வருஷம் அவங்கம்மா பேசுனதும் தமிழுதானுங்க."

"ஆயா, வெளிய போங்க" என்றார். போகவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நின்றேன். கடைசியில் பேரை எழுதினார். வேலையும் போகவில்லை. இவ்வளவுதானா லெட்சுமி? வாயைத் திறந்தால் ஆகிற காரியமா இது?

திரும்பி வரும்போது சுமதி கேட்டாள்: "நான் சேந்தது அம்மாவுக்குத் தெரியுமா பெரியம்மா?" உனக்கு மிச்சமிருந்தது அந்த நாலு மாதம்தான். அதைத்தான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதித் தள்ளினார்கள். நான் வாயைத் திறந்திருந்தால், சீருடையில் உன் மகளை நீயே தலை சீவி அனுப்பியிருப்பாய்.

இனி எந்தப் பிள்ளைக்கும் அவள் வீட்டுப் பேச்சை மறைக்கச் சொல்லித் தர மாட்டேன். அந்தக் கதவோரத்தில் வாயடைத்து நிற்கவும் மாட்டேன். நாளைக்குச் சுமதிக்கு முதல் நாள். ரெட்டைச் சடை பின்னி விடப்போகிறேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
சுமதியின் பெரியம்மா