செவ்வாய்க்கிழமை அறை

அம்மா, உனக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள்.

இன்று ஆஸ்பத்திரியில் அந்த அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். நெடி கண்ணைக் கரித்தது. பக்கவாதத்தில் பேச்சு போன ஆறு பேர் செவ்வாய்தோறும் வட்டமாக உட்கார்ந்த இடம்.

உன் வாயில் தங்கியது ஒரே சொல்: "சனியனே." பிரம்மதேசம் ஊரிலிருந்து வந்த பழைய பஸ் கண்டக்டருக்கு "போலாம் ரைட்." அவர் உன்னைப் பார்த்து அதைச் சொல்ல, நீ இதைச் சொல்வாய். "புருஷன் பொண்டாட்டி மாதிரியே பேசிக்கிறீங்க" என்பார் பயிற்சி கொடுத்த மேடம். நீ ஒரு பக்க வாயால் சிரிப்பாய்.

வீட்டில் நீ வாயெடுத்தாலே நான் அவசரப்படுவேன். "தண்ணியா? சோறா? பாத்ரூமா?" மேடம் என்னைத்தான் திட்டினார். "ஏம்பா, நீ சும்மா இரு. அவங்களே சொல்லட்டும்."

ஒருநாள் உன்னிடம் கேட்டார்: "எப்படிம்மா விழுந்தீங்க?"

"வெயில் மயக்கம் மேடம்" என்றேன் நான். உப்பளத்தில் யார் விழுந்தாலும் அப்படித்தான் சொல்வோம். மேஸ்திரி சொன்னார், நானும் நம்பினேன். உன்னைக் கொட்டகை நிழலில் கிடத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம்வரை சும்மா இருந்தோம்.

நீ என் கையில் அடித்தாய். மற்ற ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

"வெயில்... இல்ல. கை... பலகை... புடிக்கல."

உப்பு வாரும் பலகை முதலில் உன் கையிலிருந்து நழுவியிருக்கிறது. அப்போதே உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். இதைச் சொல்ல உனக்கு எட்டு மாதம் ஆனது.

"மீதிய அடுத்த வாரம் சொல்லுங்கம்மா" என்றார் மேடம். அடுத்த வாரம் அவர் இல்லை. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். மூன்று செவ்வாய் உன்னை வண்டியில் கூட்டிப்போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினேன். நான்காவது வாரம் நீ கிளம்பவில்லை. மழைக்காலத்தில் போய்விட்டாய்.

அந்த மீதியை, என்னவென்றே தெரியாமல், சுமந்துகொண்டிருக்கிறேன். என்னைத் திட்டுவதாகத்தான் இருக்கும். திட்டியிருக்கலாம் அம்மா.

இன்று நேராக ஆஸ்பத்திரி ஆபீசரிடம் போனேன். கத்துவதற்குத் தெம்பில்லை. வெளி பெஞ்சில் ஒரு பெண், வாய் கோணிய புருஷனின் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கேட்டேன். ஆபீசர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூன்றாவது முறையும் கேட்டேன்:

"சார், அந்த ரூமுக்கு ஒரு ஆளப் போடுங்க. வெளிய ஒருத்தரு பேச முடியாம உட்கார்ந்திருக்காரு. எப்ப போடுவீங்க?"