வடிகட்டி அனுப்பிய கடல்

அன்பு மகள் நண்டுக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அவள் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை, அது முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு படுக்காமல், சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஓட்டல் சலவைக்கூடத்தில் புதுசாக ஒரு மெஷின் வந்திருக்கிறது, ஓடும்போது உன் மாமா குறட்டை மாதிரியே சத்தம் போடுகிறது, அதனால் அதற்கு அவன் பேரையே வைத்துவிட்டோம், அவனுக்குத்தான் கோபம். கீழ்வீட்டுத் தையல்காரி உன் அறையை வாடகைக்குக் கேட்டாள், என் மகள் வந்தால் உன் தையல் மெஷின் மேலேயா படுப்பாள் என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இதெல்லாம் சுற்றி வளைத்து எழுதுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வர வெட்கமாக இருக்கிறது, அதுதான் காரணம்.

அன்றைக்கு நீ போனில் சொன்னாயே, அப்பா, உங்க தெர்மாமீட்டர் கணக்குப்படி அடித்தண்ணி மேல ஏறிடுச்சு, ஆனா நீங்க எடுத்து அனுப்பின பாட்டில்ல பச்சையே காணோம், நம்ம கடல்ல என்னமோ புதுசா நடக்குது, இதைத்தான் கடல் ஆராய்ச்சிக்காரங்க சபையில சொல்லப் போறேன், எங்க சாருக்கே ஆச்சரியம் என்று. உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் என்ன சொன்னேன், கடலும் உங்கப்பன் மாதிரி சுத்தக்காரன் ஆயிடுச்சு போல என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு அப்படியே நின்றேன், இஸ்திரிக்குக் கீழே ஓட்டல் தலையணை உறை கருகுகிற வாசனை வந்துதான் நினைவு வந்தது. நண்டு, கடலில் ஒரு புதுமையும் நடக்கவில்லை. நான்தான் தண்ணீரை வடிகட்டி அனுப்பினேன்.

முதலில் அனுப்பியதெல்லாம் அப்படியே அனுப்பியதுதான், காற்று இல்லாத காலம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று திரும்பிய பிறகு பாறைக்கு அப்பால் மாமா படகை நிறுத்த, நான் கயிறு கட்டிப் பாட்டிலை இறக்கி எடுத்தால் ஒரே பச்சை, கொழகொழ என்று இருந்தது, நாற்றம் வேறு. நீ ஏற்கெனவே சொல்லியிருந்தாய், பாட்டில் மேல் என் பேரை எழுதி ஒட்டி உங்கள் மேஜையில் வரிசையாக வைப்பீர்கள் என்று. படித்தவர்கள் பார்த்து, இந்தப் பொண்ணோட அப்பா சலவைக்காரராமே, தண்ணியைப் பாரு என்று சொல்லிவிட்டால் உனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய ஓட்டல் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். அதுவும் போதாமல் ராத்திரி அசையாமல் வைத்து, காலையில் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, தண்ணீர் கெடாமலிருக்க நீ கொடுத்த பழுப்பு மருந்தைச் சொட்டு விட்டு மூடினேன். தண்ணீரை ஒன்றும் செய்யாதீர்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய்தான். சுத்தம் பண்ணுவது எனக்கு ஒன்றும் செய்யாதது மாதிரிதானே, மூச்சு விடுவது போல. நீ ஊருக்குக் கிளம்பும்போது என் சலவைத் தொட்டியை வைத்தே விளக்கினாய், மேலே சுடுதண்ணி, கீழே குளிர்ந்த தண்ணி, காற்று மேல்தண்ணியைத் தள்ளிட்டுப் போனா அடியில் இருக்கிறது ஏறி வரும், அதில்தான் உரம் இருக்கு, அதைத் தின்னுதான் கண்ணுக்குத் தெரியாத செடிகள் பெருகிக் கடல் பச்சையாகுது, மீனெல்லாம் அதை நம்பித்தான் என்று. நான் தலையாட்டிக் கேட்டேன். கேட்டு என்ன, அந்தச் செடிகளையேதான் துணியில் பிடித்து, சோப்புப் போட்டு அலசி, சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். கடலையும் வெள்ளாவி வெச்சிட்டீங்களா என்று கேட்டாள். மாமா படகிலேயே விழுந்து விழுந்து சிரித்தான், வடிகட்டின முட்டாள்னு கேள்விப்பட்டிருக்கேன் மச்சான், இப்பத்தான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன் என்றான். வேறு நாளாக இருந்தால் நான் ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்குக் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், அதைப் பார்த்து அவனே சிரிப்பை நிறுத்திவிட்டான். போனில் சொல்லலாம் என்றால் என் நாக்கு கேலியில்தான் போய் நிற்கும், அதனால் இந்தத் தண்ணீர்ப் பெட்டியோடு எழுத்தாக அனுப்புகிறேன்.

நீ சபைக்குப் போவதற்கு முன்னால் உன் சாரிடம் உள்ளதைச் சொல்லிவிடு. பாட்டில் உடைந்தது, வழியில் கெட்டுப்போனது என்று என் மானத்தைக் காப்பாற்ற எதையும் சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும், சொல்லுவாய். எங்கப்பா என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் தண்ணீர் எடுக்கிற ஆள் செய்தான் என்று சொல், அதுவும் நான்தானே. காற்று திரும்பின பிறகு வந்த பாட்டில் எதையும் நம்பாதே. சூட்டுக் கணக்கு மட்டும் சரி, அதில் துணி படவில்லை.

நீ நல்லா இருக்கணும், நினைத்தது கைகூடணும், அப்பன் செய்த கோணல் உன் வேலையில் ஒட்டாமல் போகணும். கண்ணுக்கு ஓய்வு கொடு. பெட்டி வந்ததும் ஐஸ் கரைவதற்குள் திற. நேற்று எடுத்த தண்ணீர் அப்படியே இருக்கிறது, என் கை சும்மா இராது என்று படகிலேயே மாமா மருந்தை விட்டு மூடிவிட்டான். பாட்டிலுக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும். போன வாரம் வடிகட்டின துணி, இதை மட்டும் இன்னும் அலசவில்லை, பச்சை காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது, உனக்கு ஏதாவது உதவுமா என்று தெரியவில்லை. துவைக்காமல் நான் ஒருவருக்குக் கொடுக்கிற முதல் துணி இதுதான், நாற்றம் அடித்தால் மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
கடலை வெளுத்த உன் அப்பா